காட்சியும் கண்ணோட்டமும்: விமானங்களைப் படம்பிடிக்கும் பொழுதுபோக்கு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தன் வாழ்வின் தேவைகளை நிறைவேற்றுதற்காகச் செய்யும் செயல்களை அறவியல் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது. உழைப்பு, உடைமை, தண்டனை, போர் என்பன பற்றி எழுந்த நூல்கள் மிகப் பல. ஆனால், ஓய்வு வேளையில் எவ்விதப் பயனும் கருதாது அவன் செய்யும் செயல்கள் அவ்வாராய்ச்சியின் புறவெல்லையிலேயே பெரும்பாலும் விடப்பட்டுள்ளன. முத்திரை சேர்ப்பவனிடத்தும், பறவைகளைப் பார்த்துக் குறிப்பெழுதுபவனிடத்தும் அறக்கணக்குக் கேட்பார் எவருமிலர். பிறர்க்குத் தீங்கு செய்யாத விளையாட்டு என்னும் பொதுத் தீர்ப்பே அவற்றுக்குப் போதுமானதாகக் கருதப்படுகிறது. அத்தகைய பொழுதுபோக்குகளுள் ஒன்றே விமானங்களைப் படம்பிடித்தல். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது ஒரு நாட்டில் ஒற்றுக் குற்றமாக விசாரிக்கப்பட்டது. மற்றொரு நாட்டில், ஒரு வல்லரசின் மறைசெயல் வெளிப்படுவதற்குத் துணைநின்றது. ஈரிடத்தும் நிகழ்ந்த செயல் ஒன்றே: விமானத்தைப் பார்த்தலும் பதிதலும். பார்ப்பவன் தான் பார்த்ததற்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி? பயன் கருதாத பார்வைக்கு அறத்தில் இடமுண்டா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இப்பொழுதுபோக்கின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். இலண்டன் ஹீத்துரோ விமான நிலையத்தின் தென் ஓடுபாதையினது கிழக்கு முனைக்கு அண்மையில் மேர்ட்டில் அவெனியு என்னும் சிறு தெருவொன்று உண்டு. அதன் கோடியிலுள்ள புற்றரையில், தரையிறங்க வரும் விமானங்களை எதிர்நோக்கிச் சிலர் கமராவுடன் நிற்பதைக் காணலாம். உலகின் பல நகரங்களில், சிறிய உள்ளூர் விமான நிலையங்களின் வேலியோரங்களிலும், இத்தகையோர் உளர். வேலிக்கம்பி படத்தில் விழாதிருக்கச் சிறு ஏணியொன்றைக் கொண்டுவருவாரும் அவருள் உண்டு. விமானத்தின் வகை, அதன் பதிவெண், கண்ட நாள், கண்ட இடம் என்பவற்றை அவர்கள் ஒழுங்காகக் குறித்துக்கொள்கின்றனர். ஒரு விமானம் கைமாறும்போது பதிவெண் மாறலாம். ஆயின், அதனைச் செய்த தொழிற்சாலை இட்ட தொடரெண் மாறுவதில்லை. ஆதலால், பெயர் மாறிய விமானத்தையும் அவர்கள் அடையாளங் காண்பர். படம்பிடித்தலிலும் அவர்களுக்கென ஓர் ஒழுக்கம் உண்டு. சுழல்விசிறி விமானமொன்று பறக்கையில் மிகக் குறுகிய நேர ஒளிபடவைத்து எடுத்தால் விசிறி அசைவற்று நிற்பதுபோலத் தோன்றும். அப்படத்தை அவர்கள் குறையுடையதென விலக்குவர். விசிறி சுழன்றதென்ற உண்மை படத்தில் தெரிதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

இவ்வளவு முயற்சியும் எதற்காக என வினவினால், பயனை நாடுபவர் ஏற்கத்தக்க விடையொன்று கிடைப்பதரிது. அப்படங்களால் பெரும்பாலோர்க்கு வருமானமில்லை, பட்டமுமில்லை. எனினும், காண்டலின் பொருட்டே காணுதல் மனித இயல்பிற்குப் புறம்பானதன்று. ஐம்புலன்களுள் பார்வையை மனிதன் பயன் கருதாதும் விரும்புகிறான் என்பதை அரிஸ்டோட்டில் சுட்டினார். 1790இல் வெளிவந்த தமது நூலில் இம்மானுவேல் காண்ட், அழகுணர்ச்சியின் முதலிலக்கணமாகக் கூறியது பற்றற்ற இன்பத்தையே. பொருளைத் தனதாக்கிக்கொள்ளும் விருப்பமின்றி, அது உள்ளவாறே இருக்க விட்டு அதனிற் களித்தலே அவ்வின்பம். வேலிக்கு வெளியே நிற்பவனின் இன்பம் இதனோடு பெரிதும் ஒத்தது. விமானம் அவனுடையதன்று, அதில் அவன் பயணஞ் செய்யப்போவதுமில்லை. அது வந்தது, அவன் கண்டான், குறித்துக்கொண்டான் என்பதோடு அவனது வேட்கை நிறைவுறுகிறது.

பயனற்ற செயலை உலகம் ஐயத்தோடே நோக்குகிறது. காரணமின்றி எவனும் மணிக்கணக்காக வெயிலில் நிற்பானா என்பது காவலாளியின் வினா. பயன் தெரியாதவிடத்து, மறைவான பயனொன்று இருத்தல் வேண்டும் என்று கருதுவது அதிகாரத்தின் இயல்பு. இதற்கு 2001ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தக்க சான்று. அவ்வாண்டு நொவெம்பர் மாதத்தில், தென் கிரேக்கத்திலுள்ள கலமாட்டா விமானப்படைத் தளத்தில் நடைபெற்ற திறந்த நாள் நிகழ்ச்சிக்குச் சென்ற விமான ஆர்வலர் 14 பேர் கைதுசெய்யப்பட்டனர். அவருள் 12 பேர் பிரித்தானியர், இருவர் ஒல்லாந்தர். அவர்களது குறிப்பேடுகளில் விமானங்களின் எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. இத்தகைய பொழுதுபோக்கொன்று உலகில் உண்டு என்பதையே அதிகாரிகள் நம்ப மறுத்தனர். ஏறத்தாழ ஆறு வாரச் சிறைவாசத்தின் பின் அவர்கள் பிணையில் விடப்பட்டனர். 2002 ஏப்பிரலில் எண்மருக்கு ஒற்றுக் குற்றத்திற்காக மூன்றாண்டுச் சிறைத்தண்டனையும், அறுவருக்கு உடந்தையாயிருந்தமைக்காக ஒத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு நொவெம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

இவ்வழக்கில் அரசின் பக்கம் நியாயமே இல்லையெனக் கூறுதல் பொருந்தாது. நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டிய மறைபொருள்கள் சில உண்டு. படைத்தளத்தில் எவ்வகை விமானங்கள் எத்தனை நிற்கின்றன என்பது அவற்றுள் ஒன்றாகலாம். எவ்வித எண்ணமுமின்றி எழுதப்பட்ட குறிப்பும் பகைவன் கையில் ஆயுதமாகக்கூடும் என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. பிரித்தானியரே இதனை நன்கறிவர். இரண்டாம் உலகப் போரின்போது, விமானங்களை இனங்காணும் திறன் அந்நாட்டில் ஊக்கி வளர்க்கப்பட்டது. தொண்டர் பலரைக் கொண்ட அவதானிப்புப் படைக்கு 1941இல் 'அரச' என்னும் சிறப்புப்பெயர் வழங்கப்பட்டது. விமானங்களை இனங்காணப் பயிற்றும் வார ஏடொன்றும் அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. வானை நோக்கிய கண் அன்று நாட்டின் காவற் கண். அறுபது ஆண்டுகளின் பின் அந்நாட்டவரின் அதே திறன் மற்றொரு நாட்டிற் குற்றமாயிற்று. ஆகவே, செயலின் புறத்தோற்றத்தைக் கொண்டு அதன் அறநிலையைத் தீர்மானிக்க இயலாதென்பது தெளிவு.

எனினும், எல்லா மறைப்பும் ஒரே தன்மையதன்று. 1944இல் சிக்காகோவிற் கைச்சாத்திடப்பட்ட பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 20ஆம் உறுப்புரை, நாடுகளுக்கிடையிற் பறக்கும் ஒவ்வொரு விமானமும் தனது நாட்டுக் குறியையும் பதிவுக் குறியையும் தாங்கியிருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. இலங்கை விமானங்கள் '4ஆர்' என்னும் குறியையும், இந்திய விமானங்கள் 'வீரி' என்னும் குறியையும், ஐக்கிய அமெரிக்க விமானங்கள் 'என்' என்னும் குறியையும் தாங்குவது இதனாலேயே. இக்குறி படிக்கப்படுவதற்கென்றே எழுதப்படுவது. பொது வானிற் பறக்கும் பொருள் தன்னை இன்னாரெனக் காட்டிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது என்னும் அறக்கொள்கை இவ்விதியினுள்ளே பொதிந்துள்ளது. இவ்வாறு உலக நாடுகள் சேர்ந்து எழுதிவைத்த எழுத்தை, குடிசார் விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே, பொதுத் தெருவில் நின்று ஒருவன் வாசித்தால், வாசித்ததற்காக அவனைக் குற்றவாளி எனல் முரணாகும்.

இவ்விடத்திற் சைவசித்தாந்த அளவையியல் தரும் பாகுபாடொன்று பெரிதும் பயன்படும். அறிவைப் பெறும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அது வகுக்கும். புலனால் நேரே அறிதல் காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிதல் கருதல். நம்பத்தக்கார் கூற்றால் அறிதல் உரை. விமான ஆர்வலனின் செயல் காண்டல் என்ற அளவோடு நிற்பது. இன்ன எண்ணுடைய விமானம் இன்ன நாளில் இன்ன இடத்தில் நின்றது என்பதற்கப்பால் அவன் எதுவுங் கூறுவதில்லை. கலமாட்டாவில் நிகழ்ந்த தவறு, காண்டலைக் கண்டவர்கள் தாமே ஒரு கருதலை அதன்மேல் ஏற்றியமையாகும். எண்ணை எழுதினான், ஆதலின் ஒற்றன் என்னும் அனுமானத்தில், எண்ணை எழுதுவோர் அனைவரும் ஒற்றரே என்னும் நிறுவப்படாத முற்கோள் ஒளிந்து நின்றது.

காண்டல் தன்னெல்லையில் நிற்பதாலேயே அதற்கொரு தனிப்பெறுமதி உண்டு என்பதற்கு மற்றொரு வரலாறு சான்று பகரும். ஸ்பெயின் நாட்டின் மல்லோர்க்காத் தீவிலுள்ள பல்மா விமான நிலையத்தில், 2004 ஜனவரியில், அவ்வூர் ஆர்வலர் ஒருவர் போயிங் 737 வகை விமானமொன்றைப் படம்பிடித்தார். அதன் பதிவெண் என்-313பி. அதனை அன்று வந்த மற்றொரு விமானமாகவே அவர் பதிவுசெய்தார். அவ்விமானம் 2004 ஜனவரி 23ஆம் திகதி பல்மாவிலிருந்து மசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேக்குச் சென்றது. லெபனான் வம்சாவளியினரான காலித் எல்-மஸ்ரி என்னும் ஜேர்மன் குடிமகன், 2003 டிசெம்பர் 31ஆம் திகதி மசிடோனிய எல்லையிற் பிடிக்கப்பட்டு, ஸ்கோப்யேயில் ஒரு ஹோட்டல் அறையில் 23 நாட்கள் தடுத்துவைக்கப்பட்டிருந்தார். அவர் அன்றிரவு ஐக்கிய அமெரிக்காவின் மத்திய புலனாய்வு நிறுவனத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, அவ்விமானத்தில் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நான்கு மாதங்களுக்கு மேல் அங்கே அடைக்கப்பட்டிருந்தவரை, 2004 மே மாத இறுதியில் அல்பேனியாவில் இறக்கிவிட்டனர். அவர்மீது எக்குற்றமும் நிறுவப்படவில்லை.

எல்-மஸ்ரி தமக்கு நேர்ந்ததைக் கூறியபோது அவரிடமிருந்தது உரை ஒன்றே. அதனை நம்பத் தயங்கினோர் பலர். வல்லரசொன்றின் மறுப்புக்கு முன் தனிமனிதனின் சொல் எவ்வளவு நிற்கும்? பத்திரிகையாளரும் விசாரணையாளரும் விமானப் பயணப் பதிவுகளைத் தேடியபோது, பல நாட்டு ஆர்வலர்கள் வேலியோரம் நின்று எடுத்த படங்களும் குறிப்புகளும் அவர்களுக்குத் துணையாயின. விமானத்தின் பதிவெண் பின்னர் என்-4476எஸ் என மாற்றப்பட்டபோதும் அதன் தடம் மறையவில்லை. 2006இல் ஐரோப்பிய மன்றத்துக்கு டிக் மார்ட்டி அளித்த அறிக்கை இவ்விரகசியப் பயணங்களின் வலையை விரித்துக் காட்டியது. 2012 டிசெம்பர் 13ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம், எல்-மஸ்ரியின் உரிமைகளை மசிடோனியா மீறியதெனத் தீர்ப்பளித்து, 60,000 யூரோ இழப்பீடு வழங்கப் பணித்தது. ஒருவனின் உரைக்கு மற்றொருவனின் காண்டல் துணைநிற்க, ஆராய்வோர் அவற்றிலிருந்து கருதலை எய்தினர். மூன்று அளவைகளும் தத்தம் இடத்தில் நின்று உண்மையை நிறுவிய அரிய நிகழ்ச்சி இது.

பல்மாவில் நின்ற ஆர்வலரின் படம் நம்பத்தக்கதாயிற்று. காரணம், அவர் எதையும் நிறுவும் நோக்குடன் அங்கு நிற்கவில்லை. அரசை எதிர்ப்போன் எடுத்த படமாயின் அதனைப் பகைமையின் விளைவென ஒதுக்கியிருப்பர். காசு பெற்று எடுத்த படமாயின் காசின் விளைவென ஒதுக்கியிருப்பர். எல்லா விமானங்களையும் ஒரே ஆர்வத்தோடு நோக்கும் கண், இவ்விமானத்தையும் அவ்வாறே நோக்கிற்று. ஆதலின் பயன் கருதாமையே அப்பார்வையின் பெரும் பயனாயிற்று. பயனுள்ளவற்றை மட்டுமே காணப் பழகிய சமுதாயம், எது பின்னர் முக்கியமாகும் என்பதை முன்னரே அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. அதன் பயனற்ற பதிவாளர்கள் அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றனர்.

இதற்கொரு மறுப்புக் கூறலாம். அறியாது செய்த நன்மைக்கு அறப்பெறுமதி உண்டா? தற்செயலாக உதவியவனை அறவோன் எனல் தகுமா? மறுப்பு வலிமையுடையதே. படமெடுத்த கணத்தில் அவரிடத்து அறத்தெரிவு எதுவும் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆனால், நாள் தவறாது, எண் பிறழாது, விரும்பியதைக் கூட்டாது, விரும்பாததை நீக்காது பதிதல் ஓர் ஒழுக்கம். எவரும் மேற்பார்வை செய்யாதவிடத்து உண்மையாயிருக்கும் பழக்கம் அது. நற்பழக்கமே நற்செயலின் விளைநிலம் என்னும் அரிஸ்டோட்டிலின் கொள்கை இவ்விடத்திற் பொருந்தும். மேலும், தாம் கண்டது இன்னதென அறிந்த பின்னர், படத்தை மறைப்பதா வெளியிடுவதா என்னும் தெரிவு எந்த ஆர்வலர்க்கும் எழுகிறது. காண்டல் சாட்சியாக மாறும் அக்கணத்திலிருந்து அவர் தம்மை வெறும் பார்வையாளர் என்று கூறித் தப்ப முடியாது.

பொறுப்பு அங்கே தொடங்குமாயின் அதற்கு எல்லையும் உண்டு. இக்காலத்து விமானங்கள் பல, தமது இடத்தையும் உயரத்தையும் வானொலிச் சமிக்ஞையாகத் தாமே ஒலிபரப்புகின்றன. சிறு கருவியொன்றால் எவரும் அதனைப் பெறலாம். 2022 டிசெம்பரில், செல்வந்தர் எலோன் மஸ்க்கின் தனியார் விமானம் செல்லுமிடங்களை வெளியிட்டுவந்த பல்கலைக்கழக மாணவரொருவரின் டுவிட்டர் கணக்கு, அவ்வாண்டில் மஸ்க் வாங்கியிருந்த அதே நிறுவனத்தால் இடைநிறுத்தப்பட்டது. பொதுவெளியிற் கிடைக்கும் தகவல் இது என்றார் ஒரு சாரார். ஒருவரின் பாதுகாப்புக்கு ஊறு விளைக்கும் என்றார் மறுசாரார். விமானத்தைப் பார்த்தலும் விமானத்தின் வழியே ஒரு மனிதனைப் பின்தொடர்தலும் வெவ்வேறானவை. வேலியோர ஆர்வலனுக்கு எல்லா விமானமும் ஒன்றே. பின்தொடர்பவனுக்கு ஒரே விமானமே உலகம். பற்றற்ற நோக்கு ஒரே ஆளின்மேற் குவியும்போது அது வேட்டையாக மாறக்கூடும். கமராவுக்கும் வேட்டைக் கருவிக்குமுள்ள ஒற்றுமையை சூசன் சொன்ராக் 1977இல் வெளியிட்ட நூலில் எச்சரித்தமை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. எனினும் அதிகாரமும் செல்வமும் மிக்கோரின் செயல்கள் பிறர் வாழ்வைத் தாக்குமளவுக்கு அவர்மீது பொதுமக்களின் பார்வைக்கும் உரிமை கூடுகிறது. எளியோன் ஒருவனின் வீட்டு முற்றத்தைப் படம்பிடிப்பதற்கு அந்த நியாயம் இல்லை.

தமிழில் 'கண்ணோட்டம்' என்னும் சொல் இன்று நோக்குநிலை என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. திருக்குறளின் 58ஆம் அதிகாரத் தலைப்பாக அமையும் அச்சொல்லின் பழம்பொருள் இரக்கம். கண் பிறர்மேல் ஓடுதலும் நெஞ்சு அவர்பால் நெகிழ்தலும் ஒரு சொல்லில் இணைந்தமை சிந்திக்கத்தக்கது. 2000 யூலை 25ஆம் திகதி பாரிஸ் சார்ள் டி கோல் விமான நிலையத்திலிருந்து எழுந்த கொன்கோட் விமானம் தீப்பிழம்போடு மேலெழும் காட்சியை ஓடுபாதைக்கு அண்மையில் நின்ற ஆர்வலரின் கமரா பதிவுசெய்தது. விமானத்திலிருந்த 109 பேரும், நிலத்திலிருந்த நால்வரும் அன்று மாண்டனர். கமரா ஏந்தியவனால் அக்கணத்தில் எவரையும் காத்திருக்க முடியாது. அவன் படமெடுத்ததைக் குற்றமெனல் கொடிது. ஆயின், அப்படத்தை அடுத்த நாள் எடுத்து நோக்கும்போது அதனைத் தன் சேகரத்தின் அரும்பொருளாக எண்ணுகிறானா, 113 உயிர்களின் இறுதிக் கணமாக எண்ணுகிறானா என்பதில் அவனது அறநிலை தங்கியுள்ளது. பற்றற்ற காட்சி கண்ணோட்டமற்ற காட்சியாகிவிடுதல் கூடாது.

இறுதியாக, இப்பொழுதுபோக்குக்கு அடிப்படையான ஒரு நிலைமை மனங்கொள்ளத்தக்கது. வானில் ஓர் ஒலி கேட்கும்போது தலைநிமிர்ந்து ஆர்வத்தோடு நோக்க எல்லோர்க்கும் எக்காலத்தும் வாய்ப்பதில்லை. 1941இல் இங்கிலாந்தின் சிறுவர் விமானங்களின் வடிவங்களை மனனஞ் செய்தது குண்டுவீச்சுக் காலத்தில். ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் வளர்ந்த சிறுவரும் அதே கலையில் வல்லவராயிருந்தனர். ஹெலி, பொம்மர், சகடை, கிபிர் என அவற்றுக்குப் பெயரிட்டு, கண்ணிற் படுமுன்னரே ஒலியால் வேறுபடுத்தியறிந்தனர். ஆனால் அவ்வறிவு பதுங்குகுழிக்குள் ஓடுதற்கு வேண்டிய அறிவு, அதில் இன்பமில்லை. பலாலியில் 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பயணிகள் விமான நிலையம் திறந்துவைக்கப்பட்ட பின்னர், அங்கு தரையிறங்கும் விமானத்தை ஒரு சிறுவன் அச்சமின்றி அண்ணாந்து பார்க்கலாம். அவன் தாயோ அவ்வொலி கேட்டு ஒரு கணம் இன்னும் திடுக்கிடலாம். ஒரே வானத்தின் கீழ், ஒரே வீட்டில், இரு வேறு பார்வைகள். விமானத்தை விமானமாக மட்டும் காண முடிதல் அமைதியின் கொடை. அக்கொடையைப் பெற்றவன், பெறாதவரின் அச்சத்தைப் பேதைமையெனக் கருதலாகாது. அவனைக் கண்டு ஐயுறும் அரசும், அவ்வையத்தால் தான் எதனை மறைக்கிறதெனத் தன்னைத் தானே வினவிக்கொள்ளல் வேண்டும்.

பயன் கருதாத பார்வைக்கு அறத்தில் இடமுண்டு. அது உண்மையைப் பிறழாது பதிவதால் அவ்விடத்தைப் பெறுகிறது. தனிமனிதனை வேட்டையாடாது நிற்பதால் அதனைக் காத்துக்கொள்கிறது. கண்டது அநீதி எனத் தெரிந்தபோது வாய்திறப்பதால் அதனை நிறைவுசெய்கிறது. வேலிக்கு வெளியே நிற்கும் அம்மனிதனிடம் காவலாளி "எதற்காகப் பார்க்கிறாய்?" என்று கேட்கிறான். "பார்ப்பதற்காக" என்பதே அவனது நேர்மையான விடை. அவ்விடையை நம்பி அவனை நிற்கவிடும் சமுதாயம், தன்னைப் பிறர் பார்ப்பதற்கு அஞ்சாத சமுதாயமாகவே இருக்கும்.